எலெக்ட்ரிக் கிட்டாருக்குக் கையால் பித்தளை பிரிட்ஜ் செய்வது: அளவு முதல் சுருதி வரை முழுமையான வழிகாட்டி

பிரிட்ஜ் என்பது கிட்டார் உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பாகம். கையால் செய்யும் பிரிட்ஜ் பெரும்பாலும் கெட்டுப்போவது உலோகம் அறுக்கும் இடத்தில் அல்ல, அதற்கு முன்பு காகிதத்தில். சேடில் (பிரிட்ஜில் தந்தி உட்காரும் சிறு கட்டை) எவ்வளவு முன்னும் பின்னும் நகர வேண்டும், ஸ்க்ரூவின் நுனி எங்கே நிற்கும், தந்தி எந்தத் துளை வழியாக மேலே வரும் என்ற மூன்றையும் முடிவு செய்யாமல் ரம்பத்தை எடுத்தால், பளபளப்பாக இருந்தும் சுருதி சேராத ஒன்றுதான் கிடைக்கும். ஆகவே இங்கே அளவுகளுக்குத்தான் அதிக இடம். அறுப்பதும் அராவுவதும் பொறுமை இருந்தால் வந்துவிடும்.

செய்யப்போவது ட்ரெமோலோ (தந்திகளின் சுருதியை ஆட்டும் கைப்பிடி) இல்லாத நிலையான பிரிட்ஜ். ஆறு தந்திக்கும் தனித்தனிச் சேடில், தந்திகள் உடலின் பின்பக்கமிருந்து கட்டையைத் துளைத்து மேலே வரும். 1950களின் தொடக்கத்தில் வந்த டெலிகாஸ்டர் கிட்டாரில் ஆறு தந்திக்கும் சேர்த்து மூன்றே பித்தளைச் சேடில்கள்தான். இரண்டு தந்திகள் ஒரே சேடிலைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்றின் சுருதியைச் சரிசெய்தால் மற்றொன்று விலகும். அந்தச் சமரசம் வேண்டாம் என்றால் ஆறு சேடில்தான் வழி.

கிட்டாரை முதலில் அளக்கவும்

நட்டின் (கிட்டாரின் கழுத்தான நெக்கின் தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கும் பள்ளமிட்ட பட்டை) முன்விளிம்பிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நடு வரை அளந்து இரண்டால் பெருக்கினால் ஸ்கேல் நீளம். 25.5 அங்குல ஸ்கேல் என்றால் அது 647.7 மி.மீ.; பன்னிரண்டாம் ஃப்ரெட் 323.85 மி.மீ.இல் இருக்கும். துணி டேப் வேண்டாம், இரும்பு ஸ்கேலால் அளக்கவும். இங்கே விடும் அரை மில்லிமீட்டர் பிழை இரட்டிப்பாகும்.

அடுத்தது தந்தி இடைவெளி. இந்த வடிவமைப்பில் ஒரு தந்தியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 10.5 மி.மீ., அதாவது முதல் தந்தியிலிருந்து ஆறாம் தந்தி வரை 52.5 மி.மீ. பழைய ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டார்) பாணியில் இது சுமார் 56 மி.மீ. எது பொருந்தும் என்பதை நூல் கட்டிப் பார்க்கலாம். நட்டின் இரு ஓரப் பள்ளங்களிலிருந்து பிரிட்ஜ் வரும் இடம் வரை இரண்டு நூல்களை இழுத்து ஒட்டுங்கள். கடைசி ஃப்ரெட்டில் நூலுக்கும் நெக் விளிம்புக்கும் நடுவே குறைந்தது 3 மி.மீ. இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் தந்தியைக் கொஞ்சம் வளைத்து வாசித்தாலே விளிம்பைத் தாண்டி விழும். நூல்கள் பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) காந்த முனைகளுக்கு மேலே வருகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது உயரம். பலரும் மறப்பது இதைத்தான். நேரான இரும்புப் பட்டை ஒன்றை நெக்கின் நடுக்கோட்டில், ஃப்ரெட்டுகள் மேல் வைத்து பிரிட்ஜ் இடம் வரை நீட்டுங்கள். அங்கே பட்டையின் அடிப்பக்கத்துக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியோடு சுமார் 3 மி.மீ. கூட்டினால், நடுத்தந்திகள் பிரிட்ஜில் நிற்க வேண்டிய உயரம் கிடைக்கும். கீழே தரும் அளவுகளில் செய்த பிரிட்ஜ், தந்தியை உடலுக்கு மேல் 11.5 முதல் 14.5 மி.மீ. வரை தூக்கும். ஃப்ரெட்போர்டின் வளைவு 9.5 அங்குல ஆரம் என்றால் நடுத்தந்திகள் ஓரத் தந்திகளைவிட ஏறக்குறைய 1.4 மி.மீ. உயரமாக நிற்க வேண்டும் என்பதால், பட்டை காட்டும் இடைவெளி 10 முதல் 11.5 மி.மீ.க்குள் இருந்தால் கச்சிதம். நெக் பின்னோக்கிச் சாய்ந்த கிட்டார்களில் இது இன்னும் அதிகமாக இருக்கும். அங்கே சேடிலை உயரமான கட்டையில் செய்ய வேண்டும். இடைவெளி குறைவாக இருந்தால் தகட்டை 2 மி.மீ. ஆக்குங்கள்.

வேண்டிய பொருட்கள்

– பித்தளைத் தகடு, 3 மி.மீ. தடிமன், 84 × 46 மி.மீ.
– பித்தளைப் பட்டைக் கம்பி, 10 × 8 மி.மீ., 300 மி.மீ. நீளம். சேடில்களும் பின்சுவரும் (தகட்டின் பின்விளிம்பில் நின்று சுருதி ஸ்க்ரூக்களைத் தாங்கும் துண்டு) இதிலிருந்தே வரும். கெட்டுப்போனால் மாற்றவும் இரண்டு துண்டு மிஞ்சும்.
– எம்3 × 25 சாக்கெட் தலை ஸ்க்ரூ 6 (சேடிலை முன்பின் நகர்த்தும் சுருதி ஸ்க்ரூ), அவற்றில் கோக்கும் ஸ்பிரிங் 6 (0.5 மி.மீ. கம்பி, சுமார் 5 மி.மீ. வெளிவிட்டம், 14 மி.மீ. நீளம், ஏழு சுற்றுக்கு மிகாமல்)
– எம்3 × 8 கிரப் ஸ்க்ரூ 12 (தலையில்லாதது, சேடிலின் உயரத்தை மாற்ற)
– எம்3 × 8 கவுண்டர்சங்க் ஸ்க்ரூ 3 (தலை துளைக்குள் புதைவது, பின்சுவருக்கு)
– 3.5 × 25 மி.மீ. கவுண்டர்சங்க் மர ஸ்க்ரூ 4
– தந்தியின் குண்டு முனை உட்காரும் ஃபெரூல் 6, எர்த் இணைப்புக்கு ஒரு ஒயர்

கருவிகளில் ட்ரில் பிரஸ் கட்டாயம். கையில் பிடிக்கும் ட்ரில்லில் 10 மி.மீ. அகலக் கட்டையில் நேரான துளை விழாது. கூடவே வைஸ், ஹாக்சா, தட்டை அரம், ஊசி அரங்கள், வெர்னியர் காலிப்பர், கீறுகோல், சென்டர் பஞ்ச், எம்3 டேப் (துளையில் மரை வெட்டும் கருவி), 2.5, 2.8, 3.4 மி.மீ. பிட்கள், கவுண்டர்சிங்க் பிட், 240 முதல் 1200 வரை உப்புத்தாள். அரம் புதிதாக இருக்கட்டும். இரும்பில் ஓடிய அரம் பித்தளையில் பிடிக்காமல் வழுக்கும்.

பித்தளை ஏன் என்றால், வீட்டில் இருக்கும் கருவிகளாலேயே அறுக்கவும் அராவவும் வரும், துரு பிடிக்காது, காந்தம் ஒட்டாது. எளிதில் வெட்டவரும் பித்தளை வகைகளில் சுமார் மூன்று சதவீதம் ஈயம் கலந்திருக்கும். அராவும் தூளை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், முகமூடி போடுங்கள், கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள். இந்த வகைப் பித்தளையை வளைத்தால் வெடிக்கும். அதனால்தான் பின்சுவரைத் தகட்டிலிருந்து மடிக்காமல், தனித் துண்டாகத் திருகுகிறோம்.

எல்லாத் துளைக்கும் பின்னால் உள்ள கணக்கு

சேடிலின் நீளம் 22 மி.மீ. முன்பக்கமிருந்து 5 மி.மீ. கெட்டியான முன்சுவர், அடுத்து 11 மி.மீ. நீளமும் 3 மி.மீ. அகலமும் உள்ள நீள்துளை. பின்னால் 6 மி.மீ. பின்கட்டை. தந்தி நீள்துளை வழியாக மேலே வந்து முன்சுவரின் முகட்டில் ஏறி நட் பக்கம் போகும். சுருதி ஸ்க்ரூ பின்கட்டையில் மரை பிடிக்கும்.

தந்தியும் ஸ்க்ரூவும் ஒரே நடுக்கோட்டில் வருகின்றன. மோதாதா? மோதாது, காரணம் இதுதான்: ஸ்க்ரூ தன்னிடத்தில் சுற்றும், முன்பின் நகராது. நகர்வது சேடில் மட்டும். எனவே ஸ்க்ரூவின் நுனி தந்தித் துளைக்குக் கொஞ்சம் பின்னாலேயே நின்றுவிட்டால் போதும், சேடில் எங்கே போனாலும் அது தந்தியைத் தொடாது. 8 மி.மீ. தடிமனுள்ள பின்சுவரில் 25 மி.மீ. ஸ்க்ரூவைக் கோத்தால், நுனி சுவரின் முன்முகத்திலிருந்து 17 மி.மீ. தள்ளி நிற்கும். தந்தித் துளையின் நடு 19.5 மி.மீ.இல். கடையில் கிடைக்கும் ஸ்க்ரூவையே வெட்டாமல் போடலாம் என்பதற்காகத்தான் சுவர் 8 மி.மீ.

சேடிலுக்கு 8 மி.மீ. ஓட்டம் கிடைக்கும். முழுக்கப் பின்னால் போனால் சுவருக்கும் சேடிலுக்கும் நடுவே 4 மி.மீ., முழுக்க முன்னால் வந்தால் 12 மி.மீ. அந்த முன்கோடியிலும் ஸ்க்ரூ 5 மி.மீ. மரையில் பிடித்திருக்கும். தந்தி தொடும் முகடு முன்விளிம்பிலிருந்து 2.5 மி.மீ. உள்ளே.

ஸ்கேல் கோடு (நட்டிலிருந்து அளந்த ஸ்கேல் நீளம் முடியும் இடம்) தகட்டின் பின்விளிம்பிலிருந்து 38.5 மி.மீ.இல் விழும்படி வைத்தால், முகடு ஸ்கேல் நீளத்துக்கு 1 மி.மீ. முன்னிருந்து 7 மி.மீ. பின் வரை நகரும். மெல்லிய முதல் தந்திக்கு வழக்கமாக 1.5 – 2 மி.மீ. பின்னால் தேவைப்படும், தடித்த ஆறாம் தந்திக்கு 4 – 5 மி.மீ. இரண்டுமே நம் எல்லைக்குள் வசதியாக அடங்கும். கோட்டை ஓட்டத்தின் நடுவில் வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. எந்தத் தந்தியும் ஸ்கேல் கோட்டுக்கு முன்னால் அதிகம் போகாது என்பதால் பாதி ஓட்டம் வீணாகி, ஆறாம் தந்திக்குப் பின்னால் இடம் போதாமல் போய்விடும்.

அடித்தகடு

தகட்டின் இரு நீண்ட பக்கங்களும் இணையாக, மூலைகள் செங்கோணமாக வரும்வரை அராவுங்கள். மார்க்கர் மையைப் பூசிக் கீறுகோலால் கோடு போட்டால் தெளிவாகத் தெரியும். நடுக்கோட்டிலிருந்து இருபக்கமும் 5.25, 15.75, 26.25 மி.மீ.இல் ஆறு தந்திக் கோடுகள். ஒவ்வொன்றையும் நடுக்கோட்டிலிருந்தே அளங்கள். பக்கத்துத் துளையிலிருந்து அளந்தால் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும்.

பின்விளிம்பிலிருந்து 27.5 மி.மீ.இல் ஆறு தந்தித் துளைகள், 2.5 மி.மீ. விட்டம். பின்விளிம்பிலிருந்து 4 மி.மீ.இல், நடுக்கோட்டிலும் இருபக்கமும் 21 மி.மீ.இலும் பின்சுவருக்கான மூன்று துளைகள், 3.4 மி.மீ.; கவுண்டர்சிங்க் அடிப்பக்கம். மர ஸ்க்ரூவுக்கு நான்கு துளைகள்: பக்க விளிம்பிலிருந்து 5.5 மி.மீ., பின்விளிம்பிலிருந்து 12, முன்விளிம்பிலிருந்து 8 மி.மீ.; கவுண்டர்சிங்க் மேல்பக்கம். இவற்றின் தலைகள் சேடில் வரிசைக்கு வெளியே விழுவதால் கிரப் ஸ்க்ரூ அவற்றின் மேல் ஏறி நிற்காது.

பித்தளையில் துளையிடும்போது புதிய கூரான பிட் உலோகத்தைக் கவ்வி மேலே இழுக்கும். பிட் உடையும், தகடு சுழன்று கையைக் கிழிக்கும். பிட்டின் இரு வெட்டு விளிம்புகளையும் எண்ணெய்க்கல்லில் லேசாகத் தேய்த்து, கூர்மையைத் தட்டையாக்கினால் வெட்டாமல் சுரண்டும், கவ்வாது. அந்த பிட்களைப் பித்தளைக்கென்றே தனியாக வையுங்கள். தகட்டை எப்போதும் மரத்துண்டின் மேல் கிளாம்ப் போட்டே துளையிடுங்கள்.

தந்தித் துளைகளின் இருபக்க விளிம்பையும் கவுண்டர்சிங்க் பிட்டால் மழுக்கி, உருட்டிய உப்புத்தாளால் உள்ளே தேயுங்கள். தந்தி வளைந்து உராயும் முதல் இடம் அது.

பின்சுவர்

கம்பியிலிருந்து 66 மி.மீ. துண்டு. 8 மி.மீ. பக்கம் தந்தியின் திசையில், 10 மி.மீ. உயரமாக நிற்கும். அடியில் மூன்று துளைகள் 2.5 மி.மீ. பிட்டால் 7 மி.மீ. ஆழம், எம்3 மரை வெட்டுங்கள். இவற்றைத் தகட்டின் துளை வழியாகவே குறித்தால் அளவு மாறாது. ஆறு சுருதி ஸ்க்ரூ துளைகள் அதே தந்திக் கோடுகளில், அடியிலிருந்து 6 மி.மீ. உயரத்தில், 3.4 மி.மீ. விட்டம். பிறகு ஊசி அரத்தால் மேலும் கீழும் அரை மில்லிமீட்டர் நீட்டி முட்டை வடிவாக்குங்கள். சேடில் ஏறி இறங்கும்போது ஸ்க்ரூ சாய வேண்டும். வட்டத் துளையில் அது இறுகி, சேடிலின் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

சேடில்கள்

இங்கே அவசரம் கூடாது. முதலில் ஒரே ஒரு சேடிலை முழுதாக முடித்து, தகட்டில் பொருத்தி, ஓட்டம் சரியா என்று பாருங்கள். பிறகு ஐந்தையும் செய்யுங்கள்.

22.5 மி.மீ.இல் அறுத்து 22க்கு அராவவும். அகலம் 10 மி.மீ.; அடுத்தடுத்த சேடில்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி என்பதால் பக்கங்களில் பிசிறு இருந்தால் ஒன்றையொன்று உரசும்.

துளைகளின் வரிசை முக்கியம். முதலில் பின்முகத்தின் நடுவில், அடியிலிருந்து 4 மி.மீ. உயரத்தில் 2.5 மி.மீ. துளை, 8 மி.மீ. ஆழம். அடுத்தது நீள்துளை: நடுக்கோட்டில், முன்விளிம்பிலிருந்து 6.5, 10.5, 14.5 மி.மீ.இல் 2.8 மி.மீ. பிட்டால் மூன்று துளைகள் போட்டு, நடுவில் நிற்கும் தடுப்புகளை ஊசி அரத்தால் எடுத்து 3 மி.மீ. அகலமாக்கவும். கடைசியாகப் பின்துளையில் மரை. நீள்துளை திறந்த பிறகு டேப் விட்டால் தூள் அதன் வழியாக வெளியேறும். மாறாக நீள்துளையை முதலில் வெட்டினால், பின்னாலிருந்து வரும் பிட் நுனி வெற்றிடத்துக்குள் பாய்ந்து கோணலாகும்.

கிரப் ஸ்க்ரூவுக்கு இரண்டு துளைகள், முன்சுவரில்: முன்விளிம்பிலிருந்து 2.5, பக்கத்திலிருந்து 2.5 மி.மீ. மரை வெட்டியபின் பக்கவாட்டில் 1 மி.மீ. பித்தளைதான் மிஞ்சும். குறி 0.3 மி.மீ. தவறினாலே டேப் அழுத்தத்தில் பக்கம் புடைக்கும். செம்புத் தகடோ மரமோ வைத்த வைஸ் தாடையில், பக்கவாட்டில் பிடித்தபடியே டேப்பைச் சுற்றுங்கள். அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே, ஒரு சொட்டு எண்ணெய்.

இனி முகடு. பிரிட்ஜின் ஒலி இந்த இரண்டு மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. தந்தி ஒரே ஒரு கோட்டில் மட்டும் தொட்டுப் பிரிய வேண்டும். முன்சுவரின் மேல்முகத்தை, நடுவிலிருந்து நட் பக்கம் லேசாகச் சரியும்படி அராவுங்கள்; ஐந்து முதல் பத்து டிகிரி போதும். நடுவிலிருந்து நீள்துளை பக்கம் 2 மி.மீ. ஆரத்தில் நன்றாக உருட்டுங்கள். முகட்டில் தந்தியின் தடிமனுக்கேற்ப நட் அரத்தால் ஒரு சிறு பள்ளம். ஆழம் தந்தியின் விட்டத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 10 – 46 செட்டில் (முதல், ஆறாம் தந்திகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில்) முதல் தந்தி 0.25 மி.மீ., ஆறாம் தந்தி 1.17 மி.மீ. பள்ளம் தந்தியைவிட அகலமாக இருந்தால் தந்தி உள்ளே பக்கவாட்டில் ஆடி, சிதார் போல இரையும். முகடு தட்டையாக இருந்தாலும் அதே இரைச்சல்தான். பிறகு 400, 800, 1200 தாளால் பள்ளத்தையும் பின்வளைவையும் தந்தியின் திசையிலேயே தேயுங்கள். நகத்தை ஓட்டிப் பாருங்கள். எங்கேயாவது சிக்கினால் அங்கேதான் தந்தி அறும்.

உடலில் துளையிடுதல்

மாஸ்கிங் டேப் (எளிதில் உரியும் காகித ஒட்டு நாடா) ஒட்டி, நூலைக்கொண்டு நடுக்கோட்டைக் குறியுங்கள். இது உடலின் நடுக்கோடு அல்ல, நெக்கின் நடுக்கோடு. இரண்டும் சில கிட்டார்களில் ஒன்றாக இருப்பதில்லை. நட்டிலிருந்து ஸ்கேல் நீளத்தை அளந்து செங்கோணமாக ஒரு கோடு. தகட்டின் 38.5 மி.மீ. குறியை அதன்மேல் வைத்து, இரட்டை ஒட்டு டேப்பால் தகட்டை ஒட்டி, இரு ஓரத் தந்திகளுக்கும் நூல் இழுத்து இன்னொருமுறை பார்த்துவிட்டே துளையிடுங்கள். தந்தித் துளைகள் ஸ்கேல் கோட்டிலிருந்து 11 மி.மீ. பின்னால் விழும்.

சுமார் 45 மி.மீ. கட்டையில் மெல்லிய பிட் இழையோடு வளைந்து போகும். மேலிருந்து ஒரே மூச்சில் துளைத்தால் பின்பக்கத்தில் ஆறு ஃபெரூல்களும் கோணல் வரிசையில் நிற்கும். அதற்கு ஒரு வழி உண்டு. மேலிருந்து 3 மி.மீ. பிட்டால் பாதி ஆழம் மட்டும் போடுங்கள். ட்ரில் பிரஸ் மேசையில் ஒரு பலகையை கிளாம்ப் செய்து, அதே பிட்டால் அதில் துளையிட்டு, தலை வெட்டிய 3 மி.மீ. ஆணி ஒன்றைச் சில மில்லிமீட்டர் வெளியே தெரியும்படி செருகுங்கள். உடலைக் கவிழ்த்து, துளையை அந்த ஆணியில் உட்காரவைத்துப் பின்பக்கமிருந்து துளைத்தால் இரண்டும் நடுவில் சந்திக்கும். அதே அமைப்பில் ஃபெரூலின் விட்டத்துக்கும் துளை போட்டுக்கொள்ளலாம்.

மர ஸ்க்ரூவுக்குக் கெட்டி மரத்தில் 2.5 மி.மீ. வழித்துளை, மென்மரத்தில் 2 மி.மீ. ஸ்க்ரூ மரையில் மெழுகு தடவுங்கள். ஆறு தந்திகளும் சேர்ந்து, 10 – 46 செட்டில் ஏறக்குறைய 47 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். வழித்துளை பெரிதாகிவிட்டால் இந்த இழுப்பில் தகட்டின் பின்பக்கம் மெல்ல எழும்பும்.

தகட்டைப் பூட்டும் முன் எர்த் ஒயர். கன்ட்ரோல் குழியிலிருந்து (வால்யூம், டோன் குமிழ்களின் ஒயர்கள் உள்ள குழி) தகட்டுக்கு அடியில் வரும்படி சாய்வாக 3 மி.மீ. துளையிட்டு, ஒயரின் நுனியில் 15 மி.மீ. தோலுரித்து விசிறிபோல் பரப்பி வையுங்கள். தகட்டின் அடியில் வார்னிஷ் இருக்கக் கூடாது. மல்டிமீட்டரில் தந்திக்கும் ஜாக்கின் எர்த்துக்கும் இடையே ஒரு ஓம்க்கும் குறைவாகக் காட்ட வேண்டும். தந்தியைத் தொடும்போது ஹம் நின்று, விட்டதும் வந்தால் எர்த் வேலை செய்கிறது. தொட்டாலும் விட்டாலும் ஒரே அளவு ஹம் இருந்தால் இந்த ஒயரைத்தான் முதலில் பாருங்கள்.

சுருதி சேர்த்தல்

புதுத் தந்தி போடுங்கள். பழைய தந்தியில் சுருதி பார்ப்பது வீண் வேலை. முதலில் நெக்கின் வளைவு, அடுத்து உயரம், கடைசியில்தான் சுருதி. உயரத்தை மாற்றினால் சுருதியும் மாறும் என்பதால் இந்த வரிசையைப் புரட்ட முடியாது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் முதல் தந்திக்கு 1.6 மி.மீ., ஆறாம் தந்திக்கு 2 மி.மீ. நல்ல தொடக்கம். ஒவ்வொரு சேடிலின் இரண்டு கிரப் ஸ்க்ரூக்களும் சம உயரத்தில் இருக்கட்டும். சேடில் சாய்ந்தால் ஒரு பக்கமே பாரம் ஏறி, ஆடி ஒலியெழுப்பும்.

பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடில் பின்னால், இறங்கியிருந்தால் முன்னால். நகர்த்தும் முன் தந்தியைத் தளர்த்துங்கள்; இல்லையென்றால் கிரப் ஸ்க்ரூ தகட்டை உழுதுவிடும். எல்லாம் சேர்ந்தபின் சேடில்கள் இரண்டு படிக்கட்டுகளாக நிற்கும்: முதல் மூன்று படிப்படியாகப் பின்னால், நான்காவது மறுபடி முன்னால் வந்து, அங்கிருந்து ஆறாவது வரை பின்னால். மூன்றாம் தந்தி சுற்றில்லாதது, நான்காவது சுற்றுத் தந்தி. அதனால் இந்தத் தாவல். உங்கள் பிரிட்ஜில் இந்த வடிவம் வராமல் ஆறும் ஒரே சரிவில் நின்றால், ஏதாவது ஒரு தந்தியின் கணக்கு தப்பியிருக்கும்.

ஆறாம் தந்தியின் சேடில் பின்னால் போக மறுத்தால் ஸ்பிரிங் முழுக்க நெருங்கி இறுகிவிட்டது என்று பொருள். இரண்டு சுற்று வெட்டிவிடுங்கள். வாசிக்கும்போது எங்கோ உலோகம் கிணுகிணுத்தால், ஒவ்வொரு கிரப் ஸ்க்ரூவையும் விரலால் அழுத்தியபடி அதே சுரத்தை மீட்டுங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதன் மரைதான் தளர்வு. மென்பிடி லாக் திரவம் (மரை இளகாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டால் தீர்ந்துவிடும். எப்போதும் ஒரே தந்தி, ஒரே இடத்தில் அறுந்தால் அறுந்த முனையைப் பாருங்கள். முகட்டில் அறுந்ததா, தகட்டுத் துளையின் விளிம்பில் அறுந்ததா என்பது அதன் நீளத்திலேயே தெரியும். அந்த இடத்தை மட்டும் மறுபடி 800, 1200 தாளால் தேயுங்கள்.

பித்தளை வியர்வை பட்டுக் கருக்கும். அந்த நிறம் பிடித்தால் விட்டுவிடலாம், அது ஒலியைக் கெடுக்காது. பளபளப்பு வேண்டுமென்றால் மெழுகு தடவித் துடைத்தால் சில வாரங்கள் தாங்கும். நிக்கல் முலாம் பூசக் கொடுப்பதானால் எல்லா மரையும் வெட்டி முடித்த பின் கொடுங்கள். முலாம் மரையை இறுக்கும் என்பதால், திரும்பி வந்ததும் ஒவ்வொரு துளையிலும் டேப்பைக் கையால் ஒருமுறை ஓட்டியெடுக்கவும். முகட்டுப் பள்ளங்களையும் 1200 தாளால் ஒரு தடவை தடவி, முலாம் திரண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தந்தி மாட்டுங்கள்.